செல்வி அக்கா ஏணி ஏறாமலிருக்க

திங்கள். பௌர்ணமிக்கு நான்கு நாள்.
காலையில் தூறல். பத்து மணிக்கே சுள்ளென்று வெயில்.

செல்வி அக்காதான் எங்கள் அடி அண்ணாமலை தண்ணீர் டேங்க்குக்கு ஆபரேட்டர். மட்டம் பார்க்க ஏணி ஏறியாக வேண்டும். கிரிவலக் கூட்டம் வரும் நாளில் ஏழெட்டுத் தடவை. போன பௌர்ணமியில் நாலாவது படியில் வழுக்கி, முட்டி வீங்கி, இன்னும் நொண்டுகிறார். மட்டத்தை அளந்து போனுக்கு அனுப்ப ஒரு சின்ன போர்டு செய்து தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

"பௌர்ணமிக்குள்ள ஆயிடுமாம்மா?"

"ஆயிடும்க்கா." திமிர்தான் எனக்கு.

நிரலை எழுதி, இயந்திர மொழிக்கு மாற்றப் போர்டிலேயே கம்பைல் செய்து பார்த்தேன். மெமரி கம்மி. பாதியில் நின்றுவிட்டது.

செவ்வாய்.
லேப்டாப்பில் கம்பைல் செய்து போர்டில் போடுவதுதான் வழி. இரண்டுக்கும் ப்ராசஸர் வேறு வேறு, அதனால் போர்டுக்கென்று தனி கம்பைலர். அது நெட்டிலிருந்து இறங்க ஒன்றரை மணி நேரம். அதற்குள் சாம்பார், துணி.

கம்பைல் ஆனது. போர்டில் ஓடவில்லை. கம்பைலர் புதுசு, போர்டில் உள்ள லைப்ரரி (நிரல் ஓடத் தேவையான துணைக் கோப்புகள்) பழசு, இரண்டும் ஒத்துப்போகவில்லை. அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஊர்ல இல்லாத வேல உனக்கு. வா, சாப்டு."

புதன். கொத்தமல்லி, உப்பு வாங்க.
போர்டின் லைப்ரரி முழுவதும் லேப்டாப்புக்குக் காப்பி. கம்பைலர் இனி அதைப் பார்த்தே வேலை செய்யட்டும். ஒரு ஃபோல்டர் பெயரைத் தப்பாகக் கொடுத்து அரை நாள் வீண். சாயங்காலம் ஓடியது! ஓடியேவிட்டது!

உப்பு மறந்தாச்சு.

வியாழன்.
வீட்டுக்காரர் ஏறி சென்சார் மாட்டினார். போர்டு கீழே மோட்டார் ரூமில். அக்கா தன் வீட்டிலிருந்தே போனில் மட்டம் பார்த்தார். "அட, இன்னாமா இது! ஒக்காந்த எடத்துலயே தெரியுது."

வெள்ளி. பௌர்ணமி.
மதியமே நல்ல கூட்டம். மூன்று மணிக்கு மேல் போனில் மட்டம் வரவில்லை. இத்தனை ஜனம் கூடினால் டவர் தாங்குமா? ஒவ்வொரு பௌர்ணமியும் இதே கதைதான். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், எப்படி மறந்தேன்? மக்கு, மக்கு.

லேப்டாப்போடு ஓடினேன். அக்கா முதல் படியில் கால் வைத்திருந்தார்.

"ஏறாதீங்கக்கா! இருங்க, பத்து நிமிஷம்."

"போன்லாம் இன்னாத்துக்கும்மா? தண்ணி கொறஞ்சா ஒரு பல்பு எரிஞ்சா போதாதா?"

போதும்தானே! கம்பைலர், லைப்ரரி எல்லாம் லேப்டாப்பிலேயே இருக்கிறது, நெட் எதற்கு? மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து பத்து வரி மாற்றி, கம்பைல் செய்து, கேபிளில் போர்டுக்கு. பையில் கிடந்த சிவப்பு விளக்கைப் போர்டோடு இணைத்துக் கதவில் மாட்டினேன். தண்ணீர் குறைந்திருந்ததால் மாட்டியதுமே எரிந்தது. அக்கா மோட்டார் போட்டார். தொட்டி நிறைந்ததும் அணைந்தது.

ஏழு மணிக்குள் மூன்று முறை சிவப்பு. மூன்று முறை மோட்டார். ஏணி ஒரு முறைகூட இல்லை.

"இனிமே இந்த ஏணில பொடவ காயப்போட்டுக்கலாம்" என்றார் அக்கா, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு.