மணியை நிறுத்தியது நான்தான்

என் பிரியமான சேது மாப்பிள்ளைக்கு,

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். காளிகாட் கடையில் கம்ப்யூட்டரை வைத்து நீ விளக்கிய அத்தனை நாளும் தலையாட்டினேனே, ஒரு சொல்கூடப் புரியவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன், தங்கை புருஷனிடம் அதை எப்படிச் சொல்வேன்? உன் வழுக்கையில் மின்விசிறியின் நிழல் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நியூ டவுனில் பெரிய கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுகிறவன், மச்சானின் சாப்பாட்டுக் கடைக்கும் ஒன்று எழுதித் தந்தாய். போனில் வரும் ஆர்டரைத் தட்டினால் சமையலறையில் சீட்டு வரும். ஆனால் அதற்கு முன் எத்தனை கேள்வி! எத்தனை பேருக்கு? எந்தத் தேதிக்கு? எந்தச் சாப்பாடு? ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மணி அடித்து நின்றுவிடும்.

"என்னடா மாப்ளே, பொண்ணு பாக்க வந்த மாமியாராட்டம் நோண்டுது? என்மேல நம்பிக்கை இல்லியா?"

"தட்டுற ஆளை நம்பவே கூடாது மச்சான். நானே தட்டினாலும் நம்பக் கூடாது. தெரியாததை அதுவா ஊகிச்சுச்சுன்னா வம்பு. நின்னு கத்தட்டும்."

பயந்தாங்கொள்ளி என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

நீ காலமான பிறகு வந்த பூஜைக்கால ஆர்டர் நெரிசலில் அந்த மணி என் உயிரை வாங்கியது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் வங்காளி ஒருவரைக் கூப்பிட்டுக் கேள்விகளை எடுக்கச் சொன்னேன். "தாதா, காலியா விட்டா வழக்கமான சாப்பாடுன்னு எடுத்துக்கும். பரவாயில்லையா?" என்று கேட்டார். எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். மணி ஓய்ந்தது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

அப்புறம் உன் தலைத்திவசம் வந்தது. பெஹாலாவில் உங்கள் வீட்டுக்கு இருபது பேர் சாப்பாடு. நானே தட்டினேன். நம் வீட்டுக் காரியம்தானே என்று சாப்பாட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டேன். திதிச் சாப்பாடு என்று குறித்தால்தான் வெங்காயம், பூண்டு இல்லாமல் சமைப்பார்கள்.

உன் படத்துக்கு முன் இலை போட்டு, வசந்தா சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தாள். சின்ன வெங்காயச் சாம்பார் கூடமெல்லாம் மணத்தது.

"அண்ணே, அவரு எழுதினது இப்படி விடாதே?"

"மிஷின் கோளாறும்மா. அவன் எழுதினதுல எங்கியோ ஓட்டை."

சொல்லிவிட்டேன், மாப்பிள்ளை. உன் படத்துக்கு முன்னால் நின்றே சொன்னேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய்த் தயிர்சாதம் பிசைந்து வந்து படைத்தாள். ஊரையே கேலி பேசுகிற வாய் எனக்கு. அன்றைக்கு அது பொய் சொல்லத்தான் திறந்தது. நீ இருந்திருந்தால் என்னைக் காட்டிக்கொடுத்திருப்பாயா? மாட்டாய். அதுதான் இன்னும் குத்துகிறது.

உன் பழைய புரோகிராம் ஒரு பென் டிரைவில் இருந்தது. போன வாரம் அதையே திரும்பப் போட்டாயிற்று. நாளை பெஹாலா போய், ஓட்டை உன் எழுத்தில் இல்லை, என்னிடம்தான் என்று வசந்தாவிடம் சொல்வேன். சொன்ன பிறகுதான் இந்தக் கடிதம் நம் தமிழ்ச் சங்க மலரில் அச்சாகப் போகும். சத்தியம்.

நாளை அவளுக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுக்கு இன்று காலை ஆர்டர் தட்டினேன். அவசரத்தில் நேற்றைய தேதி விழுந்தது. மணி அடித்தது. திரையில் நீ எழுதிவைத்த வரி வந்தது: "போன நாளுக்குச் சாப்பாடு அனுப்ப முடியாது, மச்சான்." எழுத்துக் கூட்டி நான்கு முறை படித்தேன். அதற்குள் கல்லில் இருந்த தோசை கருகிவிட்டது. நானே சாப்பிட்டேன்.

வசந்தாவின் அண்ணன்,
உன் மச்சான் மாரி