நாற்பத்தேழாம் பக்கத்துப் படகுத்துறை

பிப்ரவரி 3

மழை பெய்ததற்கும் நாங்கள்தான் பொறுப்பாம்.

"மூன்று நாள் தங்கினோம். மூன்று நாளும் மழை. புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு நட்சத்திரம்தான் தருவேன்." இதற்கு என்ன பதில் எழுதுவது? அடுத்த பதிப்பில் வானத்திடம் பேசிப் பார்க்கிறோம் என்றா?

காலையில் பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜை. பல்வலிக்காரர்களின் புலம்பல். மதியம் வீட்டுக்கு வந்தால் சுற்றுலா போய்வந்தவர்களின் புலம்பல். வீட்டுக்காரர் ஊர் ஊராகப் போய்ப் பயணக் கையேடு எழுதுகிறார். பதிப்பாளர் அச்சடிக்கிறார். வாசகர் கருத்துகளை ஒரு கட்டாகக் கட்டி எங்கள் வீட்டுக்குத் தள்ளிவிடுகிறார். பதில் எழுதும் வேலை பத்து வருடமாக என் தலையில். கையெழுத்து மட்டும் அவருடையது.

பல்வலிக்காரர்களே தேவலை. வாயில் பஞ்சை வைத்தால் பேச்சு நின்றுவிடும்.

பிப்ரவரி 5

புத்தகம் கனமாக இருக்கிறது. எழுத்து பொடியாக இருக்கிறது. (இரண்டும் ஒரே ஆள்.) வரைபடத்தைப் பிரித்தால் திரும்ப மடிக்க வரவில்லை. அட்டைப்படத்தில் இருக்கும் நாயைத் தேடி அலைந்தோம், குழந்தை அழுதுவிட்டது.

"நாய் இடம் மாறியிருக்கலாம்" என்று எழுதினேன். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இப்போதெல்லாம் அவர் சிரிப்பதே இந்தக் கடிதங்களுக்குத்தான்.

பிப்ரவரி 12

இன்று எட்டு. எல்லாவற்றுக்கும் அதே வரி: தங்கள் மேலான கருத்துக்கு நன்றி, அடுத்த பதிப்பில் கவனத்தில் கொள்வோம். கை வலிக்கிறது.

பிப்ரவரி 18

இன்று வந்த ஒன்றுக்கு அந்த வரியை எழுத முடியவில்லை.

எழுதியவர் பள்ளி ஆசிரியை. மாமியாருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறதாம். கோடைக்குள் முழுதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏரியின் நடுவில் இருந்து மலையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. ஒரே ஒரு நாள் விடுப்பு எடுத்து, எங்கள் ஏரிக் கையேட்டை நம்பி அழைத்துப் போயிருக்கிறார். நாற்பத்தேழாம் பக்கம்: "காலை ஏழு மணிப் படகு, மரத்துறையிலிருந்து. இடதுபக்கம் உட்காருங்கள்."

மரத்துறையே அங்கே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டதாம். தண்ணீரில் நாலைந்து கட்டைகள் மட்டும் நிற்கின்றன. படகு இப்போது எதிர்க்கரையில் இருந்து கிளம்புகிறது, நாலு கிலோமீட்டர் தள்ளி. முழங்கால் வலியோடு அந்த அம்மா நடந்து போய்ச் சேர்வதற்குள் படகு போய்விட்டது. அன்றைக்கு அது ஒன்றுதான் படகு.

"என் மாமியார் குறை சொல்லவில்லை. கரையில் நின்று தண்ணீரையாவது பார்த்தாயிற்று என்றார். எனக்குத்தான் ஆறவில்லை. புத்தகம் எழுதியவர் அங்கே போயிருந்தாரா? ஆம், இல்லை என்று ஒரே ஒரு சொல் எழுதினால் போதும்."

ஆம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். அப்புறம்தான் உறைத்தது.

வீட்டுக்காரர் ஏரிக்குப் போனது போன மே மாதம். பன்னிரண்டு நாள். துறை போய் இரண்டு வருடம்.

பிப்ரவரி 19

போன மே மாதம் தினமும் சாயங்காலம் போன் செய்தாரே. மரத்துறையில் உட்கார்ந்து பேசுகிறேன், பலகை காலுக்குச் சில்லென்று இருக்கிறது என்றாரே. நானும் காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தேனே. எந்தப் பலகை?

அந்த ஆசிரியை தவறான ஊருக்குப் போயிருப்பாரோ? இருக்காது. பக்க எண், வரி எண் எல்லாம் போட்டிருக்கிறார்.

கடிதத்தை வீட்டுக்காரரிடம் காட்டவில்லை.

பிப்ரவரி 20

கிளினிக்கில் கூட்டம் குறைந்த நேரத்தில், ஏரிக்கரையில் இவர் எப்போதும் தங்கும் விடுதிக்குப் போன் போட்டேன். விடுதிக்காரர் நல்ல மனிதர். சார் நல்லா இருக்காரா என்று கேட்டார். பார்த்து மூன்று வருடம் ஆகிறது, இந்தப் பக்கமே வருவதில்லையே என்றார்.

டாக்டர் உள்ளிருந்து இரண்டு முறை கூப்பிட்டாராம். எனக்குக் கேட்கவில்லை.

பிப்ரவரி 21

பன்னிரண்டு நாள். எங்க இருந்தாரு மனுஷன்?

ஐம்பத்தெட்டு வயசு. தலையில நாலு முடி. இவருக்கு வேற குடும்பம் இருக்குமோன்னு யோசிக்கவே எனக்குச் சிரிப்பு வருது. சிரிச்சிட்டுத் திரும்பவும் அதையே யோசிக்கிறேன். சாப்பிடும்போது இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துன்னு கேக்குறாரு. ஊத்துறேன். வேற என்ன செய்ய?

பிப்ரவரி 23

மகளிடம் போனில் சொன்னேன். அவளுக்கு எல்லாம் சுலபம். அப்பாவிடம் நேராகக் கேள் என்கிறாள். இருபத்தாறு வருடத்தில் இந்த மனிதரிடம் எதையாவது நேராகக் கேட்டு நேராகப் பதில் வாங்கியிருக்கிறேனா என்று அவளுக்கு எங்கே தெரியும்? வீட்டில் காபித்தூள் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால்கூட, காபி உடம்புக்கு ஆகாது என்று ஆரம்பிப்பார்.

பிப்ரவரி 25

கேட்டுவிட்டேன்.

ஞாயிறு மதியம். அவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை அதன்மேல் வைத்தேன். படித்தார். திரும்ப முதல் வரியிலிருந்து படித்தார். விடுதிக்காரரிடம் பேசியதைச் சொன்னேன். மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அடிவாரம் வரைக்கும் போனேன். அதுக்கு மேல ஏற முடியல."

மூன்று வருடத்துக்கு முன் மலைப்பாதையில் பஸ் நின்றுபோய்த் தாமதமாக வந்தேன் என்று சொன்னாரே ஒரு நாள், அது நின்றுபோகவில்லையாம். வளைவில் வழுக்கி, முன்சக்கரம் ஒன்று பாதையை விட்டு வெளியே போய், அந்தரத்தில் இருந்ததாம். பின்பக்கக் கதவு வழியாக ஒவ்வொருவராக இறக்கியிருக்கிறார்கள். இவர் கடைசிக்கு முந்திய ஆள். அடிபடவில்லை. ஒரு கீறல் இல்லை. அதனால் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாராம்.

போன மே மாதம் அடிவாரத்தில் பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு அறை எடுத்திருக்கிறார். தினமும் காலையில் குளித்து, பையைக் கட்டி, அறையைப் பூட்டி, பஸ் நிலையத்துக்குப் போவாராம். மலைக்குப் போகிற பஸ் வரும். கை மரத்துப்போகும். பஸ் போய்விடும். திரும்பி வந்து பையை அவிழ்ப்பாராம். பன்னிரண்டு காலை. மீதி நேரத்தில் பழைய பதிப்பைப் பார்த்துப் புதிய பதிப்பு எழுதியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று முழுதும் நினைவில்லை. பயமா இருக்குன்னு சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன் என்று கேட்டது நினைவிருக்கிறது.

"முப்பது வருஷமா ஊர் சுத்துறதுதான் என் வேலை. அது முடியலன்னு யார்கிட்ட சொல்றது?"

என்கிட்ட சொல்லுங்க. வேற யார்கிட்ட? இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

பிப்ரவரி 26

பேசவில்லை. சாப்பாடு வைத்தேன், சாப்பிட்டார். கரண்டிகள் மட்டும் பேசின.

மார்ச் 2

பதிப்பாளரிடம் நானே போனில் சொன்னேன், துறை இல்லை என்ற செய்தியை மட்டும். அவர் பதறவில்லை. அடுத்த பதிப்பில் ஒரு வரி மாற்றிவிடலாம், வருத்தம் தெரிவித்து அந்த ஆசிரியைக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புங்கள் என்றார். வாழ்த்து அட்டையாம். எதற்கு வாழ்த்து?

கிடங்கில் இருக்கும் புத்தகங்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். விற்றுக்கொண்டுதான் இருக்கிறது என்றார்.

மார்ச் 4

ஆசிரியைக்கு யார் பதில் எழுதுவது என்பதில் சண்டை. நான் எழுத மாட்டேன் என்றேன். பத்து வருடமாக எழுதியாகிவிட்டது, இது ஒன்று உங்களுடையது. அவர் பேனாவோடு மதியம் முழுவதும் உட்கார்ந்திருந்தார். ஊர்களைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதுகிற மனிதர்.

கடைசியில் எழுதியது இதுதான்: "இல்லை. நான் போகவில்லை. போனதாக எழுதினேன். உங்கள் மாமியாரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

ஒட்டி, அவரே தபால்பெட்டிக்கு எடுத்துப் போனார். திரும்பி வந்து, பதிப்பாளருக்குப் போன் செய்து, அதையே அவரிடமும் சொன்னார். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் நிறைய சத்தம். இவர் பக்கம் "ஆமா", "ஆமா", "தெரியும்".

மார்ச் 20

பதிப்பாளரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கடிதக் கட்டும் வரவில்லை. கட்டு வரும்போது எரிச்சல். வராவிட்டால் அதைவிட எரிச்சல். இது என்ன பிழைப்பு?

இவர் பழைய வரைபடங்களை எடுத்து, மடித்து, திரும்ப வைக்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

ஏப்ரல் 11

ஆசிரியையிடமிருந்து பதில் இல்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. அவர் கேட்டது ஒரு சொல். அது போய்விட்டது.

ஏப்ரல் 16

பதிப்பாளர் வந்தார். நேரில். ஏரிக் கையேட்டை நிறுத்திவிட்டாராம், கடைகளில் இருந்ததையும் திரும்ப வாங்கிவிட்டாராம். அதைச் சொல்லும்போது ஏதோ நாங்கள் அவர் வீட்டுக் கூரையைப் பிரித்துவிட்ட மாதிரி முகம். பிறகு கேட்டார், புதிதாக யார் போய்ப் பார்ப்பது என்று. இளவட்டம் யாரையாவது அனுப்பினால் எல்லா ஊரையும் "மனதைக் கொள்ளை கொள்ளும்" என்று எழுதிக்கொண்டு வருவானாம்.

நான் போறேன் என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நாற்காலி பேசின மாதிரி.

ஏன், எனக்கு என்ன? வாசகர்கள் எங்கெல்லாம் வழி தப்பினார்கள், எங்கே கழிப்பறை இல்லை, எந்த வளைவில் குழந்தை வாந்தி எடுத்தது, எல்லாம் எனக்குத்தான் தெரியும். பத்து வருடமாக அந்த ஊர்களைப் பற்றிப் பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

மே 6

டாக்டர் ஒரு வாரம் விடுப்புக் கொடுத்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம். ஏழாவது வளைவில், பாதை எங்கே முடிகிறது என்று எட்டிப் பார்த்தேன். சக்கரத்துக்கும் ஒன்றுமில்லாததற்கும் நடுவில் ஒரு சாண். கம்பியைப் பிடித்த கையை மேலே போய்ச் சேரும்வரை எடுக்கவில்லை.

மூன்று வருடம் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாரே. கோபம் போகவில்லை. ஆனால் அது இப்போது வேறு இடத்தில் இருக்கிறது.

மே 8

புதுத் துறையில் இருந்து படகு ஏழு மணிக்கு இல்லை, ஏழே முக்காலுக்கு. இடதுபக்கம் உட்கார்ந்தால் கண்ணில் வெயில். மலை வலதுபக்கம். துறையில் நிழல் இல்லை, உட்கார இடம் இல்லை, குடிதண்ணீர் இல்லை. முழங்கால் வலிக்காரர்கள் விடுதியிலேயே வண்டி சொல்லிக்கொள்ள வேண்டும்.

நடு ஏரியில் படகோட்டி துடுப்பை நிறுத்தினார். மலை தண்ணீரிலும் இருந்தது, மேலேயும் இருந்தது. அந்த அம்மா இதைத்தான் கேட்டார். நோட்டை மூடி மடியில் வைத்தேன்.

இதுவரை முப்பத்தொரு தவறு.

மே 14

வீடு. முப்பத்தொன்பது தவறையும் வரிசையாகப் படித்தேன். அவர் வாதாடவில்லை. எழுதிக்கொண்டார். இரண்டு இடத்தில், அந்தச் சுவர் என்ன நிறம், அங்கிருந்து மணிச்சத்தம் கேட்குமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பார்க்கப் போனவள் பார்க்க வேண்டாமா என்கிறார். இந்த மனிதருக்கு இருக்கிற வாய்!

ஜூலை 30

ஏரிக் கையேடு அச்சுக்குப் போயிற்று. முதல் பக்கத்தில், போன பதிப்பு நேரில் பார்க்காமல் எழுதப்பட்டது என்று அவரே இரண்டு வரி சேர்த்திருக்கிறார். பதிப்பாளர் அந்த வரிகளை அடித்துவிட்டார். இவர் திரும்ப எழுதினார். மறுபடி அடித்தார். மறுபடி எழுதினார். நான்காவது முறை பதிப்பாளருக்கு அலுத்துவிட்டது.

அட்டையில் இரண்டு பெயர். என் பெயர் அவர் பெயரைவிடப் பொடி எழுத்தில் இருக்கிறது. இதைப் பற்றி ஒரு கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன்.

ஆகஸ்ட் 9

அவரை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன், இந்தப் பயத்துக்கென்றே இருக்கிறவர். வெளியே வந்து, ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை என்றார். அடுத்த வாரமும் வரச் சொன்னாராம். போவீங்களா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். இருபத்தாறு வருட அனுபவத்தில் சொல்கிறேன், அது "போவேன்".

அக்டோபர் 17

வேறு ஊர், அடுத்த கையேட்டுக்காக. விடுதி அறை. துண்டு ஈரம், ஜன்னல் சாத்தவில்லை, கீழே யாரோ காலையிலிருந்து சுத்தியலால் தட்டுகிறார்கள். எல்லாம் குறித்துக்கொண்டேன்.

மதியம் கலங்கரை விளக்கத்தில் ஏறினேன். மேலே நின்று போன் போட்டேன். அவர் மேஜையில் தயாராக இருந்தார். படி எத்தனை என்றார். நூற்று நாற்பத்து மூன்று என்றேன். இறங்கும்போதும் எண்ணு என்றார். எண்ணினேன். நூற்று நாற்பத்தொன்று வந்தது.

"சுமார் நூத்தி நாப்பதுன்னு போட்டுக்கோங்க. கால் கழண்டுபோச்சு."

"சுமார் எல்லாம் இனிமே வேண்டாம்மா. மெதுவா போ, நான் லைன்லயே இருக்கேன்."

என்ன ஜென்மமோ. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, திரும்ப ஏறினேன். ஒன்று, இரண்டு என்று நான் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் அவரும் எண்ணிக்கொண்டு வந்தார்.

நூற்று நாற்பத்திரண்டு.