நீங்கள் மறைத்த முன்பல்

இன்று காலை மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா என் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கழுத்துக் கட்டிக்கு நாளை ஆபரேஷன். "ஆடுற பல்லு, கட்டின பல்லு ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். கண் நிறைந்துவிட்டது. பயமென்று நினைத்துக் கையைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு உங்கள் ஞாபகம்.

உங்கள் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் என்றபோதும் இதே கேள்விதான். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர், எல்லாம் கெட்டியா கீது" என்றீர்கள். மேல் முன்பல் ஆறு மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. செலியமேட்டில் நம் கொல்லைக் கரும்பையே கடிக்க முடியாமல், கத்தியால் துண்டு போட்டுக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டிருந்தீர்கள். அடுத்த மாதம் பெண்ணுக்குக் கல்யாணம். மேடையில் பொக்கைப் பல்லோடு நிற்கக் கூடாதென்று உங்களுக்கு. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியமே வாங்கியிருந்தீர்கள்.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே ஓடி, "டாக்டர், மேல முன்பல்லு ஆடுதுங்க. கூச்சப்பட்டு மறைக்கறாரு" என்று சொல்லிவிட்டேன். அவர் கையுறை விரலால் தொட்டுப் பார்த்தார். "நல்லவேளை சொன்னீங்க. குழாய் வைக்கும்போது இது கழண்டு மூச்சுக்குழாய்க்குள்ள போயிருந்தா உயிருக்கே ஆபத்தாயிருக்கும்." ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. பல் டாக்டர் வந்து அந்தப் பல்லை எடுத்துவிட்டார்.

"காட்டிக் குடுத்துட்டியேடி" என்றீர்கள். அதன்பிறகு கேட்டதற்கு மட்டும் பதில். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டீர்கள். கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் விடாமல் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறீர்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குத்தும்.

பெண்ணை அனுப்பிவைத்து வூடு வெறிச்சென்று கிடந்த ஒரு மதியம், வாசலிலிருந்து "சரசு" என்றீர்கள். பல் போன சந்தில் காற்று புகுந்து விசில் மாதிரி வந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு. முறைத்தீர்கள். பிறகு வேண்டுமென்றே இன்னொரு தரம் கூப்பிட்டீர்கள். பல் கட்டிக்கொள்ளச் சொல்லிப் பெண் நச்சரித்தபோதெல்லாம், "இருக்கட்டும்மா, உங்கம்மா சிரிக்கிறா இல்ல" என்பீர்கள்.

அதன்பின் ஒன்பது வருஷம் இருந்தீர்கள். போன தையில், வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஊரில் எல்லோரும் என்னைச் சரியாகத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் சட்டென்று திரும்பத் தோன்றுவதில்லை. காற்றும் சேர்ந்து வந்தால்தான் அது என் பெயர் என்று காதுக்குப் பழகிவிட்டது.