மலையடிவாரத்தின் நல்ல காற்று

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? பேக்கரியில் மாவு மூட்டைகளுக்கு நடுவே நின்று இதைப் பிரிக்காதே. வீட்டுக்குப் போய் நிதானமாகப் படி. இங்கே நாங்கள் சுகம். அடுப்படிக் குழாய் ஒழுகுகிறது என்று உன் அத்தான் தானே சரிசெய்ய இறங்கினார். இப்போது இரண்டு குழாய்கள் ஒழுகுகின்றன. ஆளைக் கூப்பிடலாம் என்றால் முகம் சுருங்குகிறது.

என் அலுவலகத்தில் நடந்த ஒரு விசித்திரத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எங்கள் வட்டாரத்தில் எந்த நோய்க்கு எத்தனை பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்ப்பதுதானே என் வேலை? இந்த முறை ஆஸ்துமா. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஆலைகள், புகை. ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் ஏராளம். அந்தப் பக்கம் மலையடிவாரம். அங்கிருந்து சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. எங்கள் பெரிய டாக்டருக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுக்க அச்சுக்கே சொல்லிவிட்டார்.

எனக்கு மட்டும் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. இறப்புக் கணக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். தலைகீழாக இருந்தது! சேர்பவர்கள் குறைந்த இடத்தில்தான் சாவு அதிகம். சின்ன ஊர்களில் இரண்டு சாவு கூடினாலே கணக்கு எகிறிவிடும் என்று பல வருடங்களைச் சேர்த்துப் பார்த்தேன். அங்கே வயதானவர்கள் அதிகமோ என்று வயது வாரியாகவும் பிரித்தேன். எப்படிப் புரட்டினாலும் அதே கதை. பெரிய டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "பத்திரம் இருக்கட்டும். நீங்க நேர்ல போய்ப் பார்த்துட்டு வாங்கம்மா" என்றார்.

அந்த ஊர் நர்ஸ் என்னை ஒரு தையல்காரர் வீட்டுக்கு அழைத்துப்போனாள். அவர் ஆஸ்துமாவில் இறந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. உன் வயதுதான். வாசல் அறையில் மெஷின் துணி போர்த்திக் கிடந்தது. ஜன்னலைத் திறந்தால் மலை; காற்று அவ்வளவு சுத்தம். இங்கே எப்படி மூச்சுத் திணறும் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அவர் மனைவி கோபமில்லாமல்தான் பேசினாள். "ஆஸ்பத்திரிக்குப் போற அளவுக்கு ஒண்ணும் இல்லன்னே சொல்லிட்டு இருந்தாரு. மூச்சு இழுத்தா அந்த ஸ்ப்ரே மருந்தை ரெண்டு தடவை வாயில அடிச்சுப்பாரு, சரியாயிடும். தினமும் எடுக்கச் சொல்லி டாக்டர் கொடுத்த மருந்து வேற இருந்துச்சு. நல்லாத்தானே இருக்கேன்னு அதை விட்டுட்டாரு" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் வேறு காலையும் மாலையும்தான். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு யார் போவார்கள்?

முன்னாடியே ஏதாவது தெரிந்ததா என்று கேட்டேன். யோசித்துச் சொன்னாள்: "பேசும்போது நடுவுல நடுவுல நிறுத்துவாரு. பிள்ளைங்க கூட அப்பா மாதிரியே நிறுத்திப் பேசி விளையாடும். அது அவரோட பழக்கம்னு நெனச்சோம்க்கா. மூச்சு பத்தலைன்னு தெரியல."

திரும்பும் வழியில் நர்ஸிடம் கேட்டேன். உடனே தணிக்கிற அந்த ஸ்ப்ரே, மூச்சுக்குழாயை அப்போதைக்குத் திறந்து விடுமாம். உள்ளே இருக்கிற வீக்கம் அப்படியே இருக்குமாம். அதை ஆற்றுவது தினசரி மருந்துதான். ஆலைப் பக்கத்து ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். லேசாக இழுத்தாலே ஓடி வருகிறார்கள், பிழைக்கிறார்கள். மலையடிவாரத்தில் எல்லோரும் தைரியசாலிகள்.

பத்திரம் நின்றுபோனது. இப்போது வாரம் ஒருநாள் ஒரு டாக்டர் அந்தப் பக்கம் போகிறார். வீடு வீடாக நர்ஸும் போய், தினசரி மருந்தை யார் யார் விட்டுவிட்டார்கள் என்று கேட்கிறாள். முதல் வாரம் நாலைந்து பேர்தான் வந்தார்களாம். இப்போது பெஞ்சு போதவில்லை என்று நேற்று சொன்னாள்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய். போன ஞாயிறு நீ பேசினாயே, புது அடுப்பைப் பற்றி? "அது வந்துக்கா..." என்று நிறுத்தினாய். அப்புறம் இரண்டு வார்த்தை. மறுபடி நிறுத்தினாய். லைன் சரியில்லை என்று நினைத்து நான் போனைத் தட்டினேன்.

தம்பி, லைன் நன்றாகத்தான் இருந்தது.

நாளைக்கே லீவு சொல்லிவிட்டு டாக்டரைப் பார். எப்போதாவது இழுக்கும் என்று சமாளிக்காதே. நீயும் வைத்திருக்கிற அந்த ஸ்ப்ரேயை ஒரு நாளைக்கு எத்தனை முறை அடிக்கிறாய் என்பதை மறைக்காமல் சொல். மாவுத் தூசியையும் சொல். தினமும் எடுக்கச் சொன்னால், நன்றாக இருக்கிற நாளிலும் எடு. ஆஸ்பத்திரியில் இருக்கச் சொன்னால் இரு. நான் கிளம்பி வருகிறேன்.

எல்லாம் முடிந்ததும் என்னைக் கூப்பிடு. சின்ன வயதில் பேசினாயே, அப்பா காதைப் பொத்திக்கொள்ளும்படி, அப்படி மூச்சு விடாமல் பேசு. ராத்திரி ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன்
அக்கா