கட்டுப்பாடு இல்லாத ஆப்

தென்காசி,
ஜூலை 14, திங்கட்கிழமை.

அன்புத் தம்பி ஜெஸ்வினுக்கு,

அக்கா எப்சிபா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் என் பிள்ளை நிவேதா உயிரோடு இருக்கிறாள். மற்ற நலமெல்லாம் விசாரிக்க எனக்கு இப்போது மனசில்லை.

போனில் கூப்பிட்டால் மீட்டிங் என்கிறாய். வாய்ஸ் மெசேஜ் போட்டால் பாதி கேட்டுவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி கூரியரில் அனுப்புகிறேன். இதையாவது முழுசாகப் படி.

சனிக்கிழமை ஐந்தருவியில் நல்ல சாரல், நம் சிப்ஸ் கடையில் மூச்சுவிட நேரமில்லாத கூட்டம். பள்ளிக்கூடம் லீவு என்று நிவேதாவும் கூட வந்திருந்தாள். அவள் கையில் சர்க்கரை பார்க்கிற சென்சார் ஒட்டியிருப்பது உனக்குத் தெரியும். சர்க்கரை இறங்கினால் என் போன் அலறும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் பதினோரு வயசுப் பிள்ளையை வெளியே விடுகிறேன். அன்றைக்கு அவள் மூலையில் நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துவிட்டேன். சிப்ஸ் வாங்க வந்த ஒரு அம்மாதான், இந்தக் குளிர்ல பிள்ளைக்கு ஏன் இப்படி வேர்க்குதுன்னு கேட்டாள். தொட்டால் சட்டையெல்லாம் நனைந்திருக்கிறது. கூப்பிட்டால் கண் சொருகுகிறது. ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் அம்மா என்றாள். வழியெல்லாம் போன் என் கையில்தான் இருந்தது. இட்லிச் சட்டி மாதிரி கொதித்ததே தவிர ஒரு சத்தம் போடவில்லை.

இன்று காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடை வைத்திருக்கிற குற்றாலிங்கம் அண்ணாச்சியிடம் காட்டினேன். சென்சார்ல ஒரு கோளாறும் இல்லம்மா, அன்னைக்கு நாலு மணி நேரமா அந்தச் சென்சாரோட ஆப்பைப் போனே மூடிப் போட்டிருக்குன்னு சொல்லுதாரு. ஏன் மூடியது தெரியுமா? உன் கம்பெனியின் மளிகை ஆப்புக்கு இடம் பற்றாமல். நான் அதை ஒரு நாள்கூடத் திறந்ததில்லை. திறக்காமலே உள்ளே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் எங்கே நிற்கிறேன் என்று நிமிஷத்துக்கு நிமிஷம் பார்க்குமாம். போனைத் தூங்க விடாதாம். மூடினாலும் தானே எழுந்துகொள்ளுமாம். அருவியில் நல்ல தண்ணீர் விழுகிற இடத்தில் நின்றுகொண்டு நகராத ஆளையாவது போலீஸ்காரர் விசிலடித்து விரட்டுவார். இதை விரட்டப் போனுக்கே அதிகாரம் இல்லை. கட்டுப்பாடு இல்லை என்று செட்டிங்கில் போட்டிருக்கிறதாம். இதை யாரும்மா போட்டதுன்னு அண்ணாச்சி கேட்டார். தெரியாது என்று பொய் சொன்னேன்.

போன மாசம் கோயில் அசன விருந்துக்கு வந்தபோது நீதானே போட்டாய்? சார்ஜ் நிற்கவில்லை என்று போனை உன்னிடம் கொடுத்தேன். மற்ற ஆப்புக்கெல்லாம் வரிசையாகக் கட்டுப்பாடு போட்டுவிட்டு உன்னுடையதை மட்டும் அவிழ்த்துவிட்டாய். எங்க ஆப் எப்பவும் ஓடிக்கிட்டே இருந்தாத்தான் ஆபீஸ்ல எனக்கு மதிப்பு, அக்கான்னு சிரித்தாய். ஏலே, அந்த வரிசையில் சென்சார் ஆப்பும் இருந்ததே, உன் கண்ணில் படவில்லையா?

போன் என்ன உன் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்ததா? உன் ஆப்புக்கு வேலை இருந்தால் எழுந்து செய்துவிட்டு அடங்கிக் கிடக்க வேண்டியதுதானே. உளுந்தம்பருப்புத் தள்ளுபடி அரைமணி நேரம் பிந்தித் தெரிந்தால் யார் குடி முழுகிப்போகும்? இதுகூடத் தெரியாமல் என்னத்தைப் படித்தாய்?

உன் அத்தான் சென்சார்தான் ஏமாற்றிவிட்டது என்று குதிக்கிறார். இனிமே இந்தச் சனியன் வேண்டாம், பழையபடி விரல்ல குத்தியே பாப்போம்னு சொல்லுதாரு. இப்போது ஒட்டியிருப்பது ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது, புதிது வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். ஒரு நாளைக்கு நாலு தடவை குத்திப் பார்க்கலாம். நடுவில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது சர்க்கரை இறங்கினால் யார் சொல்வார்கள்? காரணம் உன் ஆப் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் சென்சாரைக் கழற்ற மாட்டார். ஆனால் உன்னை இந்த வீட்டு வாசலில் ஏற்றவும் மாட்டார். காலையிலிருந்து தொண்டை வரை வந்ததை முழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் போனில் உன் ஆப்பை அழித்தாயிற்று. மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்காக உன் ஆபீஸில் நீ வாயைத் திற. வெள்ளிக்கிழமைக்குள் அத்தானை நீயே கூப்பிட்டு, தப்பு என் மேலதான், சென்சாரைக் கழத்தாதீங்கன்னு சொல்லு. திட்டுவார். வாங்கிக்கொள்.

நிவேதாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அதற்கு அவள், நான் செத்துப்போகப் பாத்தேன்னு மாமாட்ட சொல்லாதீங்கம்மா, அவங்க பயந்திருவாங்கன்னு சொல்லுதா. எழுதாமல் விட்டுவிடத்தான் பார்த்தேன், என்னால் முடியவில்லை.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். அத்தானைக் கூப்பிடு, தம்பி.

கோபம் ஆறாத உன் அக்கா,
எப்சிபா