சேலம் போகாத ரத்தத்துக்கு வந்த வைட்டமின் டி ரிப்போர்ட்

அனுப்புநர்
கொளஞ்சியம்மாள் (வயது 63),
க/பெ. கந்தசாமி,
ஏரிக்கரைத் தெரு, கீழ்ப்புத்தூர்,
கல்வராயன்மலை அடிவாரம்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்தைக் கீழே கொட்டிவிட்டு, வைட்டமின் டி குறைவு என்று பொய் ரிப்போர்ட் கொடுத்த லேப்காரர் மீது நடவடிக்கை எடுக்கவும், வரும் வெள்ளிக்கிழமை சந்தையில் பெண்களுக்குப் போடும் ஊசியை நிறுத்தவும் வேண்டி.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆள் வைத்து எழுதாமல் என் கையாலேயே எழுதுகிறேன். பிழை இருந்தால் தள்ளிப் படிக்கவும். விஷயத்தில் பிழை இல்லை.

1. மார்கழி முதல் வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்ச் சந்தை நாளில், சந்தைத் தெருவில் உள்ள தனியார் மருத்துவமனையில் எலும்பு முகாம் போட்டார்கள். முழங்கால் வலி, இடுப்பு வலி என்று போன பெண்கள் எல்லோருக்கும் வைட்டமின் டி பார்க்க ரத்தம் எடுத்தார்கள். என் மகள் பச்சையம்மாளும் கொடுத்தாள். கரியாலூர் பக்கத்திலிருந்து சந்தைக்கு இறங்கி வந்த மலைப் பெண்களும் கொடுத்தார்கள். ரத்தம் எடுத்தவன் என் கூடப்பிறந்த அண்ணன் மகன் இளஞ்செழியன். கள்ளக்குறிச்சியில் சொந்தமாக லேப் வைத்திருக்கிறான். அந்த டெஸ்டுக்கு மிஷின் சேலத்தில்தான் இருக்கிறது, நானே கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று அவனே எல்லோரிடமும் சொன்னான்.

2. அன்று மத்தியானம் இடஒதுக்கீடு கேட்டு சேலம் ரோட்டில் மறியல். நானும் உட்கார்ந்திருந்தேன். அதை மறைக்கவில்லை. பேரப்பிள்ளைகள் படித்து வேலைக்குப் போகவேண்டும் என்று உட்கார்ந்தேன். இளஞ்செழியனைப் போல் வரவேண்டும் என்று அவனைக் காட்டித்தான் அந்தப் பிள்ளைகளை வளர்த்தேன். அவனே ரத்தப் பெட்டியோடு வண்டியில் வந்து நின்றான். "அத்தை, ரத்தம் இது, சேலம் போவணும், வுடச் சொல்லு" என்றான். "உனக்கும் சேத்துத்தான்டா குந்திக்கினு இருக்கோம், நீயும் குந்து" என்று எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். அவனும் உட்கார்ந்தான். என் தூக்கில் இருந்த புளிச்சோற்றை அவனுக்கும் கொடுத்தேன்.

3. போலீஸ் எங்கள் எல்லோரையும் வேனில் ஏற்றி, மார்கழி என்பதால் காலியாகக் கிடந்த கல்யாண மண்டபத்தில் அடைத்தது. அவனும் பெட்டியோடு வந்தான். பொழுது சாயும்போது மண்டபத்துப் பின்னால் கை கழுவுகிற இடத்தில், பெட்டியில் இருந்த சின்னக் கண்ணாடிக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து ரத்தத்தைக் கொட்டினான். பதறிப்போய்க் கேட்டேன். "நேரமாயிடுச்சி அத்தை, இனிமே ஆவாது. மறுபடியும் எடுத்துக்கலாம்" என்றான்.

4. மறுபடியும் எடுக்கவே இல்லை, அய்யா. திங்கட்கிழமை ரிப்போர்ட் வந்துவிட்டது. அத்தனை பெண்களுக்கும் குறைவு. நான் கேட்டதற்கு, "வேற குழாய்லயும் எடுத்து வெச்சிருந்தேன் அத்தை" என்றான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. நம்பினேன். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து, வாராவாரம் சந்தை நாளில் வந்து ஊசி போட்டுக்கொள்ளும்படி மருத்துவமனையில் சொன்னார்கள். ரிப்போர்ட் பொய் என்று அந்த டாக்டருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதமாட்டேன். ஆனால் அவர் என் மகளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

5. பொங்கலன்று பானை வைக்கக்கூட அவளால் நிற்க முடியவில்லை. ஒரே வாந்தி, தீராத தாகம். பெற்ற பிள்ளையின் பேரையே மாற்றிக் கூப்பிட்டாள். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே உண்மையாகவே ரத்தத்தைச் சோதித்துவிட்டு டாக்டரம்மா கேட்டார்: "யாரும்மா இவ்ளோ ஊசி போட்டது? வைட்டமின் டி அளவுக்கு மேல ஏறி, ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தியாகி, கிட்னியைப் புடிச்சிருக்கு." வெயிலில் வேலை செய்கிறவளுக்குக் குறைவே வராதா என்று கேட்டேன். "வரலாம். அதனாலதாம்மா டெஸ்ட்டு. பண்ணாம எப்படித் தெரியும்?" என்றார். என் மகள் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறாள். கிட்னி பழைய நிலைக்கு வருமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

6. இளஞ்செழியனிடம் நேரில் போய்க் கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எல்லாப் பொம்பளைங்களுக்கும் கம்மியாத்தான் அத்தை வருது. டெஸ்ட் எடுத்திருந்தாலும் அதேதான் வந்திருக்கும். சொந்தக்காரன் பொழப்புல மண்ணைப் போடாத." முறைக்கு என் மகள் அவனுக்கு அத்தை மகள், அய்யா. அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கமும் வரவில்லை.

7. மலைப் பெண்களை நினைத்தால்தான் எனக்குத் தூக்கமில்லை. அவர்கள் இன்னும் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போன் போட்டால் டவர் கிடைப்பதில்லை. பஸ் ஏறிக் கரியாலூர் போனேன். கண்ணில் பட்டவர்களிடம் எல்லாம் சொன்னேன். பெரியம்மாள் என்கிற பெண், "அன்னிக்கு எங்க பஸ்ஸை மறிச்சிக் குந்தினு இருந்தீங்க. இன்னிக்கு எங்க ஊசிய மறிக்க வந்துட்டீங்களா ஆயா?" என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் மடியில் மடித்து வைத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினாள். மிஷின் எழுத்து, சீல், கையெழுத்து எல்லாம் இருக்கிறது. என் வாய்ச்சொல் அதற்கு முன்னால் நிற்கவில்லை. உங்கள் சொல் நிற்கும்.

ஆகையால் நான் கேட்பது: வெள்ளிக்கிழமை காலை மலை பஸ் வந்து நிற்பதற்குள் சந்தையில் மைக் வைத்து, அந்த ஊசியை நிறுத்தச் சொல்லவேண்டும். ரத்தம் கொடுத்த அத்தனை பெண்களுக்கும் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தமும் கிட்னியும் பார்க்கவேண்டும். அன்று சேலத்துக்கு எந்த ரத்தம் போனது என்று இளஞ்செழியனைக் கூப்பிட்டு விசாரிக்கவேண்டும். அண்ணன் மகன் என்று அவனுக்காகப் பரிந்துபேச நான் வரமாட்டேன். சாட்சி சொல்ல வருவேன். மண்டபத்தில் எங்களோடு அடைபட்டவர்கள் பெயர் எல்லாம் போலீஸில் எழுதியிருக்கிறது. அவன் பெயரும் என் பெயரும் அதில் இருக்கும்.

நான் உங்களை மிரட்டுவதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். வெள்ளிக்கிழமை உங்கள் ஆள் வராவிட்டால், அந்த ஊசி போடுகிற வாசலில் நான் உட்காருவேன். அன்று கூட்டத்தோடு உட்கார்ந்தேன். இந்த முறை தனியாக. பெரியம்மாள் என்னைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும்.

மகளின் படுக்கைக்குப் பக்கத்திலிருந்து,

இப்படிக்கு,
கொளஞ்சியம்மாள்
(கைநாட்டு அல்ல, கையெழுத்து)

இடம்: கள்ளக்குறிச்சி
நாள்: 01.02.2021