திருப்பதி பெயரில் ஒரு விண்ணப்பம்

கோவில்பட்டி
பிப்ரவரி 24

அன்பு மருமகள் பொன்மணிக்கு மாமா எழுதுவது.

நானும் உன் அத்தையும் சுகம் என்று எழுதிவிட்டு, அது சரிதானா என்று சற்று யோசித்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்படியே வைத்துக்கொள். போனில் பேசலாம்தான். நான் பேச ஆரம்பித்தால் சங்கரம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறாள். எழுதினால் அவளுக்குப் பொறுமை இல்லை. "இன்னுமா எழுதுதீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறாள்.

காட்டில் பருத்தி எடுப்பு நடக்கிறது. மழை பிந்தியதால் காய் சிறுத்துவிட்டது. மல்லி பரவாயில்லை.

ஒரு காரியம் செய்துவிட்டேன். எப்படி எழுதுவதென்று தெரியாமல் பருத்தியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நம் திருப்பதி நம்மை விட்டுப் போனதிலிருந்து அவன் போனுக்கு நான் ரீசார்ஜ் செய்துவருவது உனக்குத் தெரியும். அது உயிரோடு இருக்க வேண்டும் என்பது உன் அத்தையின் விருப்பம். போன புதன்கிழமை அதில் ஒரு செய்தி வந்தது. எம்.டி.எஸ். பல் மருத்துவ மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்று. அவன் எந்த வருடமும் தன் விண்ணப்பத்தைத் தானே போட்டதில்லை. "நான் போட்டா எங்கயாவது தப்பு விழும்ப்பா. ஸ்டேஷன் மாஸ்டர் இருக்கும்போது எனக்கு என்ன? நீங்களே போட்ருங்க" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். உன் கணவன் பல் மருத்துவன் ஆன பிறகும் எனக்கு அந்த ஒரு வேலையை விட்டுவைத்திருந்தான்.

செய்தியைப் பார்த்ததும் அவன் சான்றிதழ்க் கோப்பை எடுத்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பெயர், பிறந்த தேதி, கவுன்சில் பதிவு எண், போட்டோ, கையெழுத்து. அவன் போன் சிணுங்கி ஓ.டி.பி. கொடுத்தது, அதையும் போட்டேன். தேர்வு மையம் திருநெல்வேலி. மணியாச்சியில் ஸ்டேஷன் மாஸ்டராக வேலை பார்த்த காலத்துப் பழக்கம், ஒவ்வொன்றையும் விரல் வைத்துச் சரிபார்த்தேன். விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று திரையில் வந்த பிறகுதான் மவுஸை விட்டுக் கையை எடுத்தேன்.

மறந்து செய்யவில்லை, பொன்மணி. நினைவோடுதான் செய்தேன். அதுதான் பயமாக இருக்கிறது. இது குற்றமா? ரத்து செய்ய வழி தேடினேன், கிடைக்கவில்லை.

இன்னொன்று. நீயும் இந்த வருடம் தேர்வு எழுத வேண்டும், அவன் ஆசைப்பட்ட பல்சீரமைப்பையே படிக்க வேண்டும், திரும்பி வந்து நம் வீட்டு முன்னறை கிளினிக்கைத் திறக்க வேண்டும் என்பது சங்கரம்மாளின் எண்ணம். பூட்டிக் கிடக்கிற அந்த அறையில் கம்ப்ரஸர் அவ்வப்போது தானாக ஓடுகிறது. ஓடினால் அவள் காப்பி கலக்குகிறாள். "பாவம், ஒத்தையில மெஷினப் போட்டுக்கிட்டுக் கெடக்கான். பொன்மணி வந்து கூட நின்னாத்தான் அவனுக்கு மனசு ஆறும்" என்கிறாள். நான் மறுத்துப் பேசுவதில்லை.

உன் எண்ணம் என்ன என்று கேட்க எனக்கு உரிமை உண்டா தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

உன் மாமா,
சாமித்துரை

*

மதுரை
மார்ச் 3

அன்பு மாமாவுக்கு, பொன்மணி வணக்கத்துடன்.

முதலில் கம்ப்ரஸர். தொட்டியில் எங்கோ காற்று கசிகிறது. அழுத்தம் குறைந்தால் அது தானாக ஓடும். அதன் வேலையே அதுதான். மெயின் சுவிட்சை அணைத்தால் நின்றுவிடும். ஏன் இத்தனை மாதமாக அது போட்டே இருக்கிறது என்று நான் கேட்கமாட்டேன்.

விண்ணப்பத்தைப் பற்றிப் படித்ததும் சிரித்தேன். அம்மா வந்து "ஏன்டி அழுகுற?" என்று கேட்டபோதுதான் அழுவது தெரிந்தது. குற்றமெல்லாம் இல்லை, மாமா. தேர்வுக்கு வராதவர்களை வரவில்லை என்று போட்டுவிடுவார்கள். அவ்வளவுதான். நீங்கள் ராத்திரி தூங்குங்கள்.

நானும் விண்ணப்பித்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் நானே போட்டேன். தப்பில்லாமல் போட்டிருக்கிறேனா தெரியாது. ஆனால் இடம் கிடைத்தால் குழந்தைகளுக்கான பல் மருத்துவம்தான் படிப்பேன். பல்சீரமைப்பு என்னால் முடியாது. அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் சற்றுக் குறுக்கே நிற்கும். "ஊருக்கெல்லாம் கம்பி கட்டுத டாக்டருக்கு வாய்க்குள்ள வேலி சாஞ்சு கெடக்கு" என்று கிளினிக்கில் உதவிக்கு இருந்த கிருஷ்ணவேணி கூடக் கேலி செய்வாள், நினைவிருக்கிறதா? இங்கே நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்குப் போன வாரம் ஒரு காலேஜ் பையன் வந்தான். அதே பல், அதே சாய்வு. நேராக்க வேண்டும் என்றான். இப்படியே நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பெரிய டாக்டர் என்னைத் திட்டினார். இப்படிப்பட்டவள் அந்தப் படிப்பை எப்படிப் படிப்பது?

முன்னறைக்கும் வரமாட்டேன், மாமா. அவர் காரியம் முடிந்த மறுநாள் ஒருமுறை கதவைத் திறந்தேன். தட்டில் அவர் கழற்றிப் போட்ட கையுறை கிடந்தது. விரல்களில் பாதி உள்ளே திரும்பியும், பாதி அப்படியே உப்பியும். ஆள் இப்போதுதான் கையை உருவிக்கொண்டு போன மாதிரி. கதவைச் சாத்திவிட்டேன். இன்னும் அது அங்கேதான் இருக்கும்.

நான் திரும்பி வரமாட்டேன் என்பதை அத்தையிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் ஓடிப்போகிறேன் என்று ஆகும். நீங்கள் சொன்னால் அனுப்பிவைத்தீர்கள் என்று ஆகும். எனக்கு அது வேண்டும்.

உங்கள்
பொன்மணி

*

கோவில்பட்டி
ஏப்ரல் 8

அன்பு பொன்மணிக்கு,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம், சொல்லிவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். இன்னும் சொல்லவில்லை.

ஆனால் சுவிட்சை அணைத்தேன். அந்த அளவுக்குத் தைரியம் வந்தது. அன்றிலிருந்து சங்கரம்மாள் என்னோடு பேசவில்லை. வீடு அத்தனை அமைதியாக இருந்ததில்லை. சாயங்காலங்களில் அவள் சமையல்கட்டு வாசலில் காதைக் கொடுத்து நிற்பாள். போட்டுவிடலாமா என்று பலமுறை சுவிட்ச் வரை போய் வந்தேன்.

அதற்குள் ஹால் டிக்கெட் வந்துவிட்டது. பிரிண்ட் எடுத்திருக்கக் கூடாது. வந்ததை எடுத்துக் கோப்பில் வைப்பதுதான் என் கைப்பழக்கம். அவள் பார்த்துவிட்டாள். போட்டோவில் அவன் அந்த நீலச் சட்டை போட்டிருக்கிறான்.

"இது என்ன?"

"பரீட்சைக்கு."

"எந்த வருசத்துக்கு?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். "இந்த வருசத்துக்குத்தான்" என்றேன்.

அவள் திட்டவில்லை. முகம் தெளிந்துவிட்டது. "அதான பாத்தேன். நீங்க அவனுக்குன்னு ஒண்ணு செய்யாம இருப்பீங்களா?" என்றாள். இன்று நீலச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். 19-ஆம் தேதி சனிக்கிழமை காலையில் மையத்துக்குப் போக வேண்டுமாம். "நம்ம அங்கன இல்லேன்னா அவன் யாரக் கேட்டு உள்ள போவான்?" என்கிறாள். நான் ஆரம்பித்துவைத்தது. என்ன செய்யட்டும்?

சாமித்துரை

*

மதுரை
ஏப்ரல் 12

அன்பு மாமாவுக்கு,

போக வேண்டாம். திருநெல்வேலி பஸ் இடைசெவல் வழியாகத்தான் போகும். அவர் பைக்கில் விழுந்த இடத்தை அத்தை இதுவரை பார்த்ததில்லை.

தடுக்க முடியாது என்றால் தனியாக மட்டும் விடாதீர்கள். ஜன்னல் பக்கம் நீங்கள் உட்காருங்கள். அதே நேரம் நான் இங்கே மதுரையில் தேர்வு எழுதிக்கொண்டிருப்பேன். உங்கள் இருவரையும் நினைத்தால் ஒரு கேள்விக்கும் பதில் வராது. அதனால் நினைக்கமாட்டேன். மன்னித்துவிடுங்கள்.

பொன்மணி

*

கோவில்பட்டி
ஏப்ரல் 20

அன்பு மருமகளுக்கு,

போய்வந்தோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்தேன். மூன்று பேர் சீட். இடைசெவலில் பஸ் நின்றது. காய்ந்து வெடித்த கரிசல்காடு ரோட்டு ஓரம் வரைக்கும் வந்து கிடந்தது. சங்கரம்மாள் வெளியே பார்க்கவில்லை. ஆட்கள் ஏறத் தொடங்கியதும் என்னை நெருக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். ஓரத்தில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. ஒரு பெரியவர் உட்கார வந்தார். "ஆளு இருக்கு அண்ணாச்சி" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். திருநெல்வேலி வரை அவர் நின்றுகொண்டே வந்தார்.

மையத்தின் வாசலில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் உன் வயதுதான் இருக்கும். தோடு, செயின், பெல்ட் எல்லாம் கழற்றி அம்மாமார் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். காவலாளி எங்கள் கையில் இருந்த ஹால் டிக்கெட்டைப் பார்த்துவிட்டார்.

"எழுதுத ஆளு எங்கம்மா?"

"வாரான்."

"எங்கன வாரான்? நேரம் ஆகுதுல்லா."

"இடைசெவலத் தாண்டிட்டான்" என்றாள்.

"போனப் போட்டு வெரசா வரச் சொல்லுங்க பெரியவரே" என்றார் என்னிடம். திருப்பதியின் போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. நான் என் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். பொன்மணி, அந்த நேரத்தில் நானும் ரோட்டைப் பார்த்தேன். ஆட்டோவில் இருந்து யார் இறங்கினாலும் பார்த்தேன்.

காவலாளி நல்ல மனிதர். கேட்டைக் கடைசிவரை ஒருக்களித்து வைத்திருந்தார். பிறகு, "இனும முடியாது தாயி" என்று அடைத்துவிட்டார். தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டது.

"இனும அவனே வந்தாலும் விடமாட்டாவளா?" என்று கேட்டாள்.

"விடமாட்டாவ."

"எவ்வளவு கெஞ்சுனாலும்?"

"அது சட்டம், சங்கரம்."

அப்படியே நடைபாதையில் உட்கார்ந்து அழுதாள். திருப்பதியைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவள் அழவில்லை, உனக்கே தெரியும். தோட்டையும் செயினையும் கையில் வைத்துக்கொண்டு நின்ற பெண்கள் வந்து தாங்கிப்பிடித்தார்கள். அவள் ஓய்ந்து தண்ணீர் குடித்த பிறகு, இதைவிட்டால் எனக்குச் சொல்லவே வாய் வராது என்று பட்டது. பொன்மணி வேறு படிப்புப் படிக்கப்போகிறாள், நம் வீட்டுக்கு இனி வரமாட்டாள், நான்தான் போகச் சொன்னேன் என்று சொன்னேன். கடைசியில் சொன்னது பொய். நீ கேட்டபடி சொன்னேன்.

எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். பிறகு, "அவ நேரத்துக்கு உள்ள போயிருப்பாளா?" என்றாள்.

"போயிருப்பா."

"அது போதும்" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவளே உட்கார்ந்தாள்.

மாமா

*

மதுரை
ஜூலை 14

அன்பு மாமாவுக்கு,

இடம் கிடைத்துவிட்டது. குழந்தைகள் பல் மருத்துவம்தான். கர்நாடகத்தில், கடற்கரைப் பக்கம் ஒரு கல்லூரி. மூன்று வருடம். முதலில் உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

நேற்று விஷயம் தெரிந்ததும் அத்தையிடம் போனில் சொன்னேன். நன்றாகச் சாப்பிடச் சொன்னார்கள், கன்னடக்காரர்கள் சாம்பாரில் வெல்லம் போடுவார்களாம், ஊறுகாய் தருகிறேன் என்றார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. வைத்த பிறகு அதிக நேரம் அழுதேன், ஆனால் பாரமாக இல்லை.

சேருவதற்கு முன் ஒரு வாரம் கோவில்பட்டிக்கு வந்து இருக்கலாம் என்று நினைக்கிறேன். முன்னறையில் என் புத்தகங்கள் இருக்கின்றன. இப்போது அந்தக் கதவைத் திறக்க முடியும் என்று தோன்றுகிறது. நீங்கள் கூட நின்றால் போதும். எந்தத் தேதி வரட்டும்?

உங்கள்
பொன்மணி

*

கோவில்பட்டி
ஜூலை 19

அன்பு மகள் பொன்மணிக்கு,

உன் கடிதம் கண்டு எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியை எழுதத் தெரியவில்லை. அத்தை தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள்.

நீ வர வேண்டாம்.

கோபமில்லை. இதை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன், அதனால் நேராகவே சொல்கிறேன். உன் அத்தை தேறிவிட்டாள். திருப்பதியின் போனுக்கு இனி ரீசார்ஜ் செய்ய வேண்டாம் என்று அவளே சொன்னாள். நான் சரி என்றேன், ஆனால் அவளுக்குத் தெரியாமல் இன்னும் செய்துகொண்டிருக்கிறேன். தேர்வு முடிவு அதில்தான் வந்தது. அவன் பெயருக்கு நேரே, வரவில்லை என்று இருந்தது. அரசாங்கமே சொன்ன பிறகும் எனக்கு ஏறவில்லை. இப்போது பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இடம் விட்டு உட்காருகிறவன் நான்தான். மத்தியானம் அவள் கண்ணயர்ந்ததும் முன்னறையில் போய் உட்காருகிறேன். அந்தக் கையுறையை நான் எடுக்கவில்லை. தொட்டால் விரல்கள் அமுங்கிவிடும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

ஒரு வாரம் நீ இங்கே இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். கதறி உன்னைத் தடுக்கமாட்டேன், அதற்குத் தைரியம் இல்லை. உன் சான்றிதழ்களைச் சரிபார்க்கிறேன் என்று வாங்குவேன். ஒரு குறை சொல்வேன். அதைத் தீர்க்க இரண்டு நாள் என்பேன். பிறகு இன்னொன்று. ஆயுள் முழுக்க விதிப்படி வண்டிகளை நிறுத்தி வைத்தவன் நான். யாருக்கும் சந்தேகம் வராமல் உன்னை நிறுத்தி வைக்க என்னால் முடியும். சேரும் நாள் தாண்டிவிடும்.

அதனால் நேராகப் போய்ச் சேர்ந்துவிடு. படிப்பு முடியட்டும். அதற்குப் பிறகும் வந்தே ஆக வேண்டும் என்று நினைக்காதே. உன் அம்மா உனக்கு வேறு வாழ்க்கை பார்த்தால் தடுக்காதே. எங்களுக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. உன் அத்தையிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

புத்தகங்களை நானே துடைத்து, இரண்டு அட்டைப்பெட்டிகளில் கட்டி, இன்று ரயில் பார்சலில் போட்டுவிட்டேன். ஊறுகாய் தனி டப்பாவில், எண்ணெய் கசியாமல், நடுவில் இருக்கிறது. பெட்டியின் மேல் உன் பெயரும் படிப்பும் மதுரை முகவரியும் மட்டும் எழுதினேன். அனுப்புகிறவர் முகவரி எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். பார்சல் ஆபீஸில் எனக்குத் தெரிந்த பையன்தான், ஆனாலும் அது இல்லாமல் எடுக்க மறுத்துவிட்டான். அவன் சொன்னது சரி, விதி அதுதான். எழுதினேன். பெட்டி வந்ததும் அந்த இடத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிடு.

ஆசீர்வாதங்களுடன்,
சாமித்துரை